பினாயில் போட்ட வட்டம்

ருக்மணி அத்தை இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். முந்தின நாள்தான் அப்பாவின் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "சுத்தமா இருக்குதுங்க. இனி வருசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்" என்று சொல்லியிருந்தார். காலையில் அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தபோது தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்காரர் ஓடி வந்தார். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிழங்கு வாங்கப் போன இடத்தில் அத்தைக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருடன் வேலை பார்த்த உங்களுக்கு அவர் உருளைக்கிழங்கு மேடம். எனக்குப் பக்கத்து வீட்டு அத்தை. ஈர மண்ணுக்குள் கிடந்தும் கிழங்கு ஏன் சீக்கிரம் அழுகுவதில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. அதிலுள்ள சில புரதங்கள் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் கொல்கின்றன என்பார். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, மூடி ஒட்டிய கண்ணாடித் தட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தட்டு முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. நடுவில், கிழங்குப் புரதத்தில் நனைத்த காகித வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு வெற்று வட்டம்.

"பாத்தியா கண்ணு, கிட்டவே வர முடியல!"

அவர் சிரித்ததை அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதங்களில் அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். அப்பா மறுத்துவிட்டார். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுக்கும் பட்டறை வைத்திருப்பவர். எந்த மோட்டாரையும் கழற்ற அஞ்சாதவர். ஆனால் காரமடை மாமா இதே ஆபரேஷனுக்குப் பிறகு இறந்திருந்தார். "வயித்தத் தொறந்தா காத்துப் பட்டுப் பரவிப்போடுமுங்க" என்று பட்டறைக்கு வந்தவர்களும் சொன்னார்கள். நோயை வெளியில் சொல்லக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு போட்டுவிட்டு, தினமும் பச்சை உருளைக்கிழங்கை அரைத்துச் சாறு பிழியச் சொன்னார். வாரக்கணக்கில் குடித்தார். வரவர மெலிந்தார்.

தினமும் எதை இப்படி அரைக்கிறீர்கள் என்று அத்தை ஒருநாள் கேட்டதும் அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அத்தை நேராக அப்பாவிடம் போனார்.

"ஏனுங்ணா, இதக் குடிக்கச் சொல்லி யாரு சொன்னாங்க?"

"வேற யாருங்க? நீங்கதான் அம்மணி. தட்டுல காட்டுனீங்களே."

அத்தையின் முகம் வெளுத்துப்போனது. அப்படியே ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனார். அந்த வாரமே இன்னொரு தட்டோடு வந்தார். அதில் இரண்டு வில்லைகள். ஒன்றைச் சுற்றிப் பழையபடி வட்டம். மற்றதைச் சுற்றி அதைவிடப் பெரிய வட்டம்.

"சின்னது கிழங்குங்ணா. பெருசு எதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"ஏதோ பெரிய மருந்தாட்ட இருக்குது."

"பினாயிலுங்க. உங்க ஊட்டுக் கக்கூசுல ஊத்தறது. டம்ளர்ல கொண்டாரட்டுங்களா?"

அப்பா சிரித்துவிட்டார். பல நாட்களுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பு அது. அத்தை சிரிக்கவில்லை.

"தட்டுல செத்தது பூஞ்சைங்ணா. உங்க வயித்துல இருக்கறது பூஞ்சையில்ல, உங்க சதையேதான் தப்பா வளருது. கிழங்குச்சாறு அதக் கரைக்குமான்னு எனக்குத் தெரியாது. ஆபரேஷன் பண்ணிப் பொழச்சவங்க இருக்காங்க, அது தெரியும். மாமாவக் காத்து கொல்லலீங்க. அவரு ஆஸ்பத்திரிக்குப் போனதே லேட்டு."

மறுநாள் அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். இனிக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிட வேண்டும் என்றார்கள்.

பிழைத்துவிட்டார் என்று நாங்கள் நிம்மதியடைந்த பிறகும் அத்தைக்கு நிம்மதி இல்லை. "அந்தத் தட்ட நான் காட்டாம இருந்திருந்தா அத்தன வாரம் வீணாப் போயிருக்காதுங்க்கா" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தத் தாமதத்தில் நோய் வேறெங்காவது பரவியிருக்குமோ என்பதுதான் அவர் பயம். "என்ன பாத்தேன்னு சொல்றப்ப எங்க பாத்தேன்னும் சொல்லோணும் கண்ணு" என்று என்னிடம் பலமுறை சொன்னார். அப்பா பரிசோதனைக்குப் போய்வரும் நாளெல்லாம் எங்கள் கேட்டருகே நிற்பார். முடிவைக் கேட்க மாட்டார். "நேரமாச்சுங்ணா, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்ப்பார்.

இறப்பதற்கு முந்தின நாளும் அப்படித்தான் நின்றார். டாக்டர் சொன்னதை அப்பா சொன்னதும் கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அப்பாடா! இன்னைக்குத்தானுங்ணா நான் நிம்மதியாத் தூங்குவேன்." மறுநாள் விடியற்காலையில் அவர் பஸ்ஸுக்குப் போனபோது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனதாக அம்மா சொன்னார். செய்தியை அவர் காதில் போட்டுவிட்டோம் என்பதே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

அவரைக் கிடத்தியிருந்த கூடத்தில், நேரம் ஆனதும் அப்பா டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"ஏப்பா, இன்னும் எடுக்கவே இல்ல, சாவூட்டுல சாப்பிடறதா?" என்று ஒரு பெரியவர் அதட்டினார்.

"அம்மணி இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு தடவ கேட்டிருக்குமுங்க" என்றார் அப்பா. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தயிர்சாதத்தை மெல்ல மென்று சாப்பிட்டார். பெரியவர் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அத்தையிடமிருந்து எனக்குக் கிடைத்தவை இரண்டு. அறிவியல் நோட்டில் 'கிருமியைக் கொல்லும்' என்று எழுதும்போது 'தட்டில்' என்று சேர்த்து எழுதும் வழக்கம் ஒன்று. இன்னொன்று, இதை நான் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து கால் தோசையை மெதுவாகத் தின்றுகொண்டிருக்கும் அப்பா.