ஜீவராணி மெத்தையை அமுக்கும் கதை

போட்டியில் உயரம் பாய்வதற்கு முன்னால், விழப்போகும் மெத்தையை ஏன் அமுக்கிப் பார்க்கிறாள் என்று பேப்பர்க்காரர்கள் கேட்டால், ஜீவராணி "சாமி கும்பிடுறேங்க" என்பாள். பொய். சாமிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் காலுக்குத்தான் சம்பந்தம்.

வட்டகொடையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உயரம் பாய்ந்தது அவளும் நானும்தான். மெத்தைக்கு எங்கே போவது? உரச்சாக்குகளில் மானாப்புல்லை அடைத்து வரிசையாகப் போட்டிருப்போம். ஒருத்தி விழுந்தால் மூட்டைகள் விலகிவிடும். விழுந்தவளே எழுந்து நெருக்கிவைக்க வேண்டும். அதுதான் எங்கள் சட்டம். மாகாணப் போட்டிக்கு முந்தின வாரம் ஜீவா அதுவரை தாண்டாத உயரத்தைத் தாண்டினாள். தலைகால் புரியாமல் கத்திக்கொண்டே மைதானத்தைச் சுற்றினாள். நானும் அந்தச் சந்தோஷத்தில் கீழே பார்க்காமல் ஓடிவந்து பாய்ந்தேன். மூட்டைகளுக்கு நடுவே வெறுந்தரையில் விழுந்தேன். முழங்கால் போனது போனதுதான்.

அவள் இலங்கைச் சட்டை போட்டு நாடுநாடாகப் போய்ப் பாய்ந்தாள். எனக்கு மலை ஏற முடியாது. கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்கிறேன். லீவில் வரும்போதெல்லாம் எனக்குக் காலில் போட ஒரு சோடி சப்பாத்து வாங்கிவருவாள். நொண்டிக்கு எதற்கடி இத்தனை சப்பாத்து? "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போடி" என்றால், "இருக்கட்டும் பிரியந்தி" என்று வாசலிலேயே நின்று என் காலைப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருஷம் ஒரு பெரிய போட்டி. எங்கள் லயத்து வீட்டுச் சனமெல்லாம் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அவளுக்குக் கடைசி வாய்ப்பு, தாண்டினால் வெண்கலம். ஜீவா மெத்தையின் மூலைகளை அமுக்கினாள். ஓடும் இடத்துக்குப் போனவள் திரும்பி வந்து மறுபடியும் அமுக்கினாள். கொடுத்த நேரம் கரைந்துகொண்டிருந்தது. "ஓடித் தொலைடி மூதேவி" என்று போனைப் பார்த்துத் திட்டினேன். அவள் ஓடத் தொடங்குமுன் சிவப்புக்கொடியைத் தூக்கிவிட்டார்கள்.

ஊருக்கு வந்தவள் நேரே என் வாசலுக்கு வந்தாள்.

"இனிமே பாயல பிரியந்தி. கம்புக்கு அந்தப் பக்கம் பாத்தா நீதான் விழுந்து கெடக்க."

"நல்லா இருக்குடி நியாயம். காலும் போச்சு, இப்ப உன் மெடலும் என் தலையிலயா? நான் எத்தனையத்தான் சுமக்கிறது?"

அவள் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் விடவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவளைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு இழுத்துப்போனேன். இன்றைக்கும் அங்கே சாக்குமூட்டைதான். விலகிக் கிடந்தன. ஜீவா குனியப் போனாள்.

"தொடாத" என்றேன். காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டையாக நானே தள்ளினேன்.

"நெருக்கிட்டேன். ஓடு."

ஓடிவந்து பாய்ந்தாள். கம்பு விழவில்லை. ஆனால் விழுந்தவள் எழவுமில்லை. மூட்டையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். வெகுநேரம் கழித்து எழுந்து, விலகிய மூட்டைகளை ஒன்றோடொன்று நெருக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அடுத்தது என் முறை.