இன்னொருத்தியின் மாமா

என் முகத்தை வைத்துக்கொண்டு இன்னொருத்தி பிரபலமாகிவிட்டாள். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என்னை அதுவரை நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் டிவி நடனப் போட்டியில் ஜெயித்த மறுவாரமே டவுன் பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். முதல் நாலு பேரிடம், "அது நான் இல்லைங்க" என்றேன். ஐந்தாவது ஆள் செல்ஃபி கேட்டபோது முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தேன். வெட்கம் போக எனக்கு அவ்வளவு நேரம்தான் ஆனது.

பிறகு ஒரு ஏஜென்ட் வந்தார். கோயில் திருவிழாக்களுக்கு ஆட்டம் பாட்டம் ஏற்பாடு செய்கிறவர். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அவளை ஒப்புக்கொண்டு, ஃபிளெக்ஸ் எல்லாம் அடித்து மாட்டியாகிவிட்டது. அம்மணி கடைசி நேரத்தில் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டாள்.

"ஒரு மணி நேரந்தாங்க. நீங்க வாயே தொறக்க வேணாம். அவங்களுக்கு மேலுதட்டுல ஒரு மச்சம் இருக்கு, அத நான் பாத்துக்கிறேன்" என்று பாக்கெட்டிலிருந்து மைப்பென்சிலை எடுத்துக் காட்டினார். தொழில் சுத்தமான ஆள்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பதினெட்டு வருஷம் கற்றுக்கொண்டு, காலி நாற்காலிகளுக்கு ஆடியவளிடம் ஊரே கூடி விசிலடிக்கும் என்றால் முடியாது எங்கிருந்து வரும்? போனேன்.

குறுவை அறுத்த வயலில் மேடை போட்டிருந்தார்கள். 'எங்கள் ஊர்ப் பெண்ணே வருக' என்று ஃபிளெக்ஸ். எல்லா ஊரும் இப்படித்தான் பீற்றிக்கொள்ளும் என்று நினைத்தேன். முதலில் பரதத்தில் ஒரு பதம் ஆடினேன். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டிவி பாட்டு, டிவி பாட்டு" என்று கத்தினார்கள். அந்தக் குத்துப்பாட்டுக்கும் ஆடினேன். என் வாத்தியார் பார்த்திருந்தால் காலை உடைத்திருப்பார். கைதட்டல் அடங்கவே இல்லை. சும்மா சொல்லக்கூடாது, இனித்தது.

பக்கத்துப் பள்ளிக்கூட வகுப்பறையில் சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அறுபது வயதுக்காரர் ஒருவர் தாம்பாளத்தோடு உள்ளே வந்தார். பட்டுப்புடவை, பழம், பூ.

"அம்மா நல்லாருக்காளா?"

ரசிகர் என்று நினைத்து, பெரியவர்களுக்கு வழக்கமாகப் போடும் மரியாதையைப் போட்டேன். "நல்லாருக்காங்க பெரியப்பா."

அவர் முகம் செத்துவிட்டது. பெரியப்பா என்றால் அப்பா வழி. அவர் வந்து நின்றதோ அம்மா வழியில்.

"ஒங்க அம்மா கூடப்பொறந்தவன்மா நான். மாமன்னு ஒருத்தன் இருக்கறதையே அவ சொல்லலியா?"

வேற்று சாதிப் பையனைக் கட்டிக்கொண்ட தங்கையோடு அவர் பேசி இருபத்தைந்து வருஷமாயிற்றாம். டிவியில் மகள் ஜெயித்ததும் மேடையேறி அழுத தாயைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லையாம். தங்கையைக் கூப்பிட முகமில்லாமல், திருவிழாக் கமிட்டியைப் பிடித்து அவள் மகளை வரவழைத்திருக்கிறார். சொல்லிக்கொண்டே அழுதார்.

அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெளியே அவ்வளவு கூட்டம். அவர் முதுகுக்குப் பின்னால் ஏஜென்ட் என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறார். நான் தப்பைத் திருத்தினேன், என் லட்சணத்துக்கு ஏற்றபடி.

"தெரியாம சொல்லிட்டேன் மாமா" என்றேன். இத்தனை வருஷம் என் முகத்துக்கு வராத பாவம் அன்றைக்குக் கச்சிதமாக வந்தது.

அவர் என் தலையில் கை வைத்தார். "பொங்கலுக்கு அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்துரு" என்றார். வருகிறேன் என்றேன். பட்டுப்புடவையையும் வாங்கிக்கொண்டேன். போன் நம்பர் கேட்டார், என்னுடையதையே கொடுத்தேன்.

மறுநாளே அவளுக்கு இன்ஸ்டாகிராமில் எல்லாவற்றையும் எழுதினேன். நாலு தடவை எழுதினேன். அவள் ரசிகர் கூட்டத்தில் நான் எந்த மூலை? பதிலே இல்லை.

பொங்கலன்று காலையில் போன் வந்தது.

"பஸ் ஏறிட்டீங்களாம்மா? வாசல்லயே நிக்கிறேன்."

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல மாமா."

"என்னாச்சு? நீங்க அலைய வேணாம், நானே பொறப்பட்டு வர்றேன். அவ கால்ல விழுந்து கேட்டுக்கிறேன். எந்த ஊரு, எந்தத் தெரு, சொல்லு."

இனி ஓட இடமில்லை. "நான் ஒங்க தங்கச்சி பொண்ணே இல்லைங்க" என்றேன். மீதியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பேசினார். குரலில் கோபமே இல்லை.

"நீ அப்படிச் சொல்றதுல தப்பில்லம்மா. அவ கல்யாணம் கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னப்ப, எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு நானுந்தானே சொன்னேன். அம்மாவ ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு."

வைத்துவிட்டார். நான் சொன்னது ஒரே ஒரு உண்மை, அதையும் தங்கை மகள் சொன்னதாகவே வைத்துக்கொண்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மன்னார்குடிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். இன்னும் போகவில்லை.