கரிக்குருவியும் பக்கத்து வயல் வலையும்

அன்று வரம்பில் நின்றது நான்கு பேர்: நான், என் மனுசன், பக்கத்து வயல்காரன், அவன் பெண்சாதி. எங்கள் ஊர் அக்கராயனில் மாரிமழைக்கு விதைத்த காலபோக நெல் பால்பிடித்திருந்த நேரம். அவன்தான் விடியவே எங்களைக் கூப்பிட்டிருந்தான்.

அவன் எல்லையில் கட்டிய நைலோன் வலையில் ஒரு கறுத்த குருவி சிக்கித் தொங்கியது.

"கள்ளனைப் பிடிச்சிட்டன் அக்கா. உங்கட தடியிலதான் ஒவ்வொரு நாளும் குந்துறவர்," என்றான்.

பயிர் இளசாக இருக்கையில், புழு தின்னும் குருவிகள் வந்திருக்கட்டும் என்று வயலுக்குள் கவட்டுத்தடி நடுவோம். கதிர் வந்ததும் பிடுங்கிவிட வேண்டும். விட்டால் அதில் நெல்லுக்குருவி வந்து குந்தும். நான் பிடுங்கவில்லை. தண்டில் சாறு உறிஞ்சும் அறக்கொட்டியான் பூச்சி விழுந்தால் வயல் நெருப்புப் பட்டதுபோல் காய்ந்து எரிந்துபோகும். தடியைப் பிடுங்கினால் பூச்சி, விட்டால் நெல்லுக்குருவி. இதையே யோசித்து யோசித்து எனக்கு நித்திரையில்லை.

"இது கரிக்குருவி, நெல்லுத் தின்னாது. வாலைப் பார், நுனி ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. நெல்லுக்குருவி எண்டா சின்னன், மண்ணிறம், சொண்டு கட்டை. இது பறக்கிற பூச்சியைப் பிடிச்சுக்கொண்டு திரும்பி அதே தடிக்குத்தான் வரும்," என்றேன்.

அவன் பெண்சாதி சிரித்தாள். "ஏழாம் வகுப்போட பள்ளிக்கூடத்தால நிண்ட இவவிட்ட நாங்கள் குருவிப் படிப்புப் படிக்கவேணுமாம். நெல்லுக்குள்ள பாயுறதைக் கண்ணால கண்டனாங்கள்."

"அது அந்துப்பூச்சிக்குப் பாயுறது!"

"அப்ப வயித்தைக் கீறிப் பாப்பம்," என்று அவன் குருவியின் கழுத்தைப் பிடித்தான்.

"சண்டை பிடியாதையும்," என்றார் என் மனுசன், என்னைப் பார்த்து. அவருக்கு அதுதான் தெரியும். நான் அவன் கையைத் தட்டிவிட்டு, புல்லறுக்கும் சத்தகத்தால் வலையை வெட்டினேன். வெட்டும்போதே ஒரு யோசனை: ஒருவேளை நெல்லும் தின்னுமோ? குருவி என் விரலைக் கொத்திவிட்டுப் பறந்தது. வலை இரண்டாகக் கிடந்தது.

"வையுங்கோ வலைக்காசை!" என்றான்.

"என்ர வயல் எரிஞ்சா நீ காசு வைப்பியோ?"

அன்று பின்னேரமே மனுசன் என்னைக் கேளாமல் தடிகளைப் பிடுங்கி எறிந்தார். குருவி போகவில்லை. அவனுடைய வலைக்கம்பில் இருந்துகொண்டு என் வயலுக்குள் பாய்ந்தது. அவன் மண்ணாங்கட்டியால் எறிய, எழும்பி அடுத்த கம்பில் இருந்தது. அந்தப் போகம் என் வயல் எரியவில்லை. குருவியாலோ, வேறெதாலோ, நான் அறியேன்.

அவனோடு எனக்கு இன்றும் கதைபேச்சில்லை. வலைக்காசைக் கொடுத்துவிடச் சொல்லி மனுசன் நச்சரிக்கிறார். கொடுக்க மாட்டேன். நெல் விற்ற காசு கையில் இருந்தபோதும் கொடுக்கவில்லை. அவன் கேட்டு நிற்பது நாலாயிரத்து ஐந்நூறு ரூபா.