கடலுக்கு எட்டு, கோட்டைக்கு ஒன்பது

கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு டிசம்பர் விடுமுறையில், எங்கள் சர்ச் பங்கின் இளைஞர் நடனக் குழுவோடு பத்து நாள் ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டு வந்தேன். குழுவில் பதினாறு பேர். எட்டுப் பேர் செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்துக்காரர்களான நாங்கள். மற்ற எட்டுப் பேர் தெற்கே உவரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள். இரண்டு தரப்பையும் கோத்தவர் கன்னியாஸ்திரியான எங்கள் சிஸ்டர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு எங்கள் பங்குக்கு மாற்றலாகி வந்தவர். எங்கள் கும்மியையும், கையில் கம்போடு அவர்கள் ஆடும் களியலையும் ஒரே பாட்டில் சேர்த்தால் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளில் எடுபடும் என்பது அவருடைய யோசனை. எடுபட்டதோ இல்லையோ, முதல் மூன்று நாள் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் விரல் முட்டி வீங்கியிருந்தது.

ஆட்டத்தில் எனக்கு எதிரே நின்று கம்பு தட்டியவள் என் வயதுக்காரி. முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டாள். வல்லம் என்றேன். எங்கள் வாயில் ல, ள, ழ எல்லாம் ஒரே மாதிரிதான் வரும். அவள் காதில் அது வள்ளம் என்று விழுந்திருக்கிறது. அவர்கள் ஊரில் வள்ளம் என்றால் மீன் பிடிக்கப் போகும் படகு. படகிலா குடியிருக்கிறீர்கள் என்று அவள் கேட்டதைக் கேலி என்று நினைத்து அரை நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். நிஜமான பரிதாபத்தோடுதான் கேட்டாள் என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் வேனில் எங்கள் இருவருக்கும் ஒரே சீட்.

ஏழாம் நாள் எங்களுக்கு ஓய்வு. முந்தின ராத்திரி திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தங்கியிருந்தோம். எட்டாம் நாள் மாலை திருவண்ணாமலைப் பக்கம் நிகழ்ச்சி. நடுவில் கிடைத்த பகலில் எங்கேயாவது சுற்றிப் பார்க்கலாம், பாண்டிச்சேரி கடற்கரையா செஞ்சிக் கோட்டையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். எங்கள் எட்டுப் பேருக்கும் அது கேள்வியாகவே படவில்லை. செஞ்சிக் கோட்டையை நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். பஸ்ஸுக்கு நின்றால் கோட்டை, கொல்லைப்பக்கம் போனால் கோட்டை. ஊரில் எல்லோரிடமும் கடலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தோம். ஆனால் அவர்கள் எட்டுப் பேரும் மலையைக் கிட்டே பார்த்ததில்லையாம். கடலில் என்ன இருக்கிறது என்று என் சிநேகிதி உண்மையாகவே என்னைக் கேட்டாள். தண்ணீர் என்றேன்.

சிஸ்டர் நோட்டுத் தாளைக் கிழித்துச் சீட்டு கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் கடலுக்கு எட்டு, கோட்டைக்கு எட்டு. தான் ஓட்டுப் போட்டால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்று சிஸ்டர் ஒதுங்கிக்கொண்டு, டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவரைக் கூப்பிட்டார். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பாண்டிச்சேரியில் வண்டி நிறுத்த இடம் தேடியே உயிர் போய்விடும், செஞ்சியில் நல்ல புளியமரங்கள் இருக்கின்றன, வண்டியை நிழலில் போட்டுத் தூங்கலாம் என்றார். எங்கள் கடல் அப்படித்தான் போனது.

செஞ்சி மலைகள் தெரிய ஆரம்பித்ததும் அவர்கள் எட்டுப் பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். நாங்கள் எட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். கடைத்தெருவில் வேன் நின்றபோது எங்கள் பையன் ஒருவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சீட்டுக்குக் கீழே இறங்கிவிட்டான். அவனுடைய அத்தை எதிரே பூக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். ஊர் ஊராக ஆறு நாள் ஆடிவிட்டு, பொழுதுபோக்குக்குச் செஞ்சிக்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்தால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கோட்டை வாசலில் இறங்கியதும் அவர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். உங்கள் ஊர்க் கோட்டைதானே, நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். எங்களில் ஒருவர்கூட கோட்டை இருக்கும் ராஜகிரி மலையில் ஏறியதில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக்கூட எங்களைப் பனமலை கோவிலுக்கும் ஏரிக்கும்தான் கூட்டிப்போனார்கள். ஆனால் எனக்கு ஒரு வசதி இருந்தது. எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டைக்கு ஆட்டோ ஓட்டுகிறார். போகிற வழியில் சவாரிகளிடம் கோட்டைக் கதைகளைச் சொல்லிக்கொண்டு போவார். அதையெல்லாம் நான் சோற்றோடு கேட்டு வளர்ந்தவள். எனவே கல்யாண மகாலுக்கு முன்னால் நின்று தைரியமாக ஆரம்பித்தேன். எதிர் மலையில் இருந்த ராணி விளக்கைத் தூக்கிக் காட்டினால் சமையல் ஆகிவிட்டது என்று அர்த்தம், ராஜா இந்த மலையிலிருந்து இறங்கிச் சாப்பிடப் போவார் என்றேன். மேலே ஒரு சுரங்கம் இருக்கிறது, அது வேலூரில் போய்த் திறக்கும் என்றேன். களஞ்சியத்துக்குள் போய், இது யானைகள் குளிக்கிற இடம் என்றேன். என் சிநேகிதி வாசலில் இருந்த பலகையைச் சத்தமாகப் படித்தாள். நெல் சேமித்து வைத்த இடம் என்று போட்டிருந்தது. குளித்த பிறகு நெல் வைத்திருப்பார்கள் என்று சமாளித்தேன்.

களஞ்சியத்தின் உயர்ந்த கூரைக்கு அடியில் கை தட்டினால் சுவரும் திரும்பித் தட்டியது. அவர்களில் ஒருவன் தாளம் போட, நாங்கள் எல்லோரும் ஆட நின்றுவிட்டோம். எங்கள் தாளம் ஒன்று, சுவரிலிருந்து வந்த தாளம் ஒன்று. எதற்கு ஆடுவது என்று தெரியாமல் பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் மறுபக்கமும் சுற்றி நடுவில் முட்டிக்கொண்டோம். காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். விசிலும் இரண்டு முறை கேட்டது.

அவர் எங்களை வெளியே விரட்டிக்கொண்டு வந்தபோதுதான் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. காக்கிச் சட்டையோடு நைனா இறங்கினார். சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். ஒளிந்துகொள்ள நேரமில்லை.

"இன்னாம்மா, இங்க நிக்கிற? கடலுக்குப் போவல?"

ஓட்டுப் போட்ட கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் புளியமரத்துக் குரங்குகள் கிளை மாறின. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடல் போனதற்கா, எல்லோருக்கும் முன்னால் இவர் இப்படிச் சிரிப்பதற்கா என்று தெரியவில்லை. அதற்குள் சிஸ்டருக்கு வணக்கம் சொல்லி, பிள்ளைகளுக்கு நானே கோட்டையைக் காட்டுகிறேன் என்று ஆட்டோவைப் பூட்டிவிட்டார். உடனே ராணி விளக்குக் கதையையும் ஆரம்பித்தார். அவர் சொன்னதில் விளக்கைக் காட்டியது ராஜா. ராணிக்குச் சமைக்கத் தெரியாது. சுரங்கம் வேலூருக்குப் போகவில்லை, திருவண்ணாமலைக்குப் போனது. உங்கள் மகள் வேறு மாதிரி சொன்னாளே என்று என் சிநேகிதி கேட்டாள். அவளுக்கு விவரம் பத்தாது என்றார் நைனா.

படி ஏற ஆரம்பித்தோம். முதலில் சிஸ்டர். வெள்ளை அங்கிக்குக் கீழே விளையாட்டு ஷூ போட்டுக்கொண்டு, யாரோ மேலே காத்திருப்பதுபோல் ஏறினார். அவருக்குப் பின்னால் கடற்கரைக்காரர்கள், அதற்குப் பின்னால் நாங்கள், எல்லோருக்கும் கடைசியில் வழிகாட்டியான நைனா. அவர் கதை சொல்வது முதல் வளைவில் நின்றது. இரண்டாவது வளைவில் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். மூன்றாவதில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். மேலேயிருந்து இறங்கி வந்த ஒருவரிடம் தணிந்த குரலில், இன்னும் எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். அது சிஸ்டர் காதில் விழுந்துவிட்டது. அவர் இரண்டு படி இறங்கி வந்து, நீங்கள் இதற்கு முன்னால் ஏறியதில்லையா என்று கேட்டார்.

நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பன்னெண்டு வருசமா கீழ வரைக்கும் கொண்டாந்து உட்றேன் சிஸ்டர். வண்டிய உட்டுட்டு ஏறினா எவன் சவாரி பாப்பான்? எறங்கி வர்றவங்க சொல்றத கேட்டுக்குவேன். அதத்தான் ஏறப் போறவங்களுக்குச் சொல்லுவேன்."

எங்கள் பக்கத்தில் மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் சிஸ்டர் சிரிக்கவில்லை. அப்படியென்றால் இன்றைக்கு ஏறியே ஆகவேண்டும் என்று தன் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தார். நைனா பாதி பாட்டிலைக் குடித்துவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு நான் அவருக்குப் பின்னால் ஏறினேன். பிடிப்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன். அவர் விழுந்திருந்தால் நானும் சேர்ந்துதான் விழுந்திருப்பேன்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்திருக்கும். பிளவின் மேல் ஒரு சின்னப் பாலம். கீழே ஆழமான பள்ளம். எல்லோரும் தாண்டிவிட்டோம். நைனா மட்டும் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, இங்கிருந்தே எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்றார். நான் கூப்பிட்டேன், சிஸ்டர் கூப்பிட்டார், நகரவில்லை. என் சிநேகிதிதான் திரும்பிப் போனாள். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தாள்.

"கீழ பாக்காதீய மாமா. எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வாங்க. வள்ளத்துல ஏறுறதுக்கு எங்கப்பா இப்படித்தான் சொல்லித் தந்தாவ."

"பின்னால நடக்கிறியேம்மா, நீ வுழுந்துட்டா?"

"எனக்கு நீச்சல் தெரியும் மாமா."

பாலத்துக்குக் கீழே சொட்டுத் தண்ணீர் கிடையாது, வெறும் பாறை. ஆனால் அந்தப் பதில் நைனாவுக்குப் போதுமானதாக இருந்தது. கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்காமல் வந்து சேர்ந்துவிட்டார்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கடற்கரைக்காரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பச்சையாக நெல் வயல்கள், நடுநடுவே ஏரிகள், அடுக்கி வைத்ததுபோல் பாறைக் குன்றுகள். எனக்கும் அது புதிதாகத்தான் இருந்தது. இந்த மலையைத்தான் நான் தினமும் பார்த்திருக்கிறேனே தவிர, இங்கிருந்து எங்களைப் பார்த்ததில்லை. வல்லம் எந்தப் பக்கம் என்று நானும் நைனாவும் ஆளுக்கொரு திசையைக் காட்டினோம். சூரியனையும் வேன் வந்த வழியையும் வைத்து என் சிநேகிதி மூன்றாவது திசை ஒன்றைச் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி.

நைனா போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டார். காற்றில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைப் போட்டார். அம்மா மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் வேர்க்கடலைக் காட்டை அப்படித்தான் சொல்வோம்.

"நான் கோட்டை மேல நிக்கிறேன்," என்றார் நைனா.

"பட்டப்பகல்ல குடிச்சிருக்கியா?" என்றாள் அம்மா.

பதினாறு பேருக்கும் கேட்டது. சிஸ்டர் பக்கத்தில் இருக்கிறார் என்று நைனா அவசரமாகச் சொன்னார். அம்மாவின் குரல் உடனே பயபக்தியாக மாறி, சிஸ்டருக்கு ஸ்தோத்திரம் சொன்னது. நிமிர்ந்து மலையைப் பார், துண்டை ஆட்டுகிறேன் என்று நைனா சொன்னார். தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினார். எங்கள் கொல்லை அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மலையே ஒரு கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரியும்.

"தெரியுது, தெரியுது," என்றாள் அம்மா. "பச்சத் துண்டுதான?"

"செவப்பு."

"வெயில்ல பச்சயா தெரியுது."

நைனா போனை அணைத்துவிட்டு, அவளுக்குத் தெரிகிறதாம் என்று எல்லோரிடமும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என் சிநேகிதி தன் துப்பட்டாவைக் கழற்றி வல்லம் இருந்த திசையில் ஆட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கையில் கிடைத்ததை எடுத்து ஆட்டினார்கள். சிஸ்டர் குடையை ஆட்டினார்.

இறங்குவது ஏறுவதைவிட மோசம். பசியில் காதடைக்க வேனுக்கு வந்து சேர்ந்தால், டிரைவர் ஆசைப்பட்ட நிழலில் கதவைத் திறந்துபோட்டு வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் ஆறேழு குரங்குகள் எங்கள் புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடித்து, ஊறுகாயைச் சோதித்துக்கொண்டிருந்தன. டிரைவர் விழித்ததும் வண்டியில் கீறல் விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். நைனா ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய், தான் தினமும் சாப்பிடும் மெஸ்ஸிலிருந்து எங்கள் எல்லோருக்கும் தயிர்ச்சோற்றுப் பொட்டலங்களோடு திரும்பி வந்தார். அவரும் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு எழுந்திருக்க முடியாமல் இரண்டு பையன்கள் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் விடிந்தபோது எங்கள் நிலைமையும் அதுதான். பதினாறு பேருக்கும் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. மாலையில் மேடை ஏறியே ஆகவேண்டும். அது வேகமான பாட்டு. நடுவில் எல்லோரும் ஒன்றாகக் குந்தி, கம்பைத் தரையில் தட்டிவிட்டு, அடுத்த தாளத்தில் துள்ளி எழவேண்டும். குந்தினோம். தட்டினோம். எழ முடியவில்லை. எதிரே என் சிநேகிதி கண்ணாலேயே என்ன செய்வது என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் நான் உட்கார்ந்தபடியே கம்பை நீட்டினேன். அவளும் உட்கார்ந்தபடியே தட்டினாள். எங்களைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே தட்டினார்கள். பாட்டு முடியும்வரை பதினாறு பேரும் தரையிலேயே நகர்ந்து நகர்ந்து ஆடினோம். பாட்டு நின்றதும் ஒருவர் கம்பை ஒருவர் பிடித்து இழுத்து எழுந்தோம்.

ஒரே கைதட்டல். அந்த ஊர்ப் பங்குச் சாமியார் மைக்கைப் பிடித்து, நம் முன்னோர்கள் இப்படி உட்கார்ந்து ஆடியதை இந்தப் பிள்ளைகள் மீட்டெடுத்திருக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டு, அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு முறை ஆடச் சொன்னார். நாங்கள் சிஸ்டரைப் பார்த்தோம். மேடை ஓரத்தில் நாற்காலியில் இருந்த அவராலும் எழ முடியவில்லை. உட்காருங்கள் என்று கையால் மட்டும் ஜாடை காட்டினார். உட்கார்ந்தோம். கால்வலி தீர்ந்த பிறகும், மிச்சமிருந்த நாட்கள் எல்லா ஊரிலும் அந்த இடத்தில் அப்படித்தான் ஆடினோம்.