மூணு லைட்டுக்காரர்

பெயிண்ட் தொழிற்சாலையில் அவருக்கு "மூணு லைட்டு" என்று பட்டப்பெயர். வாடிக்கையாளர் ஒரு தகட்டைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார். அந்த நிறத்தைக் கலந்து எடுத்துக் கொடுப்பது இவர் வேலை. முப்பத்தொரு வருடம் அதைத்தான் செய்தார். மேசைமேல் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் பகல் வெளிச்சம் போல ஒரு விளக்கு, ஒரு டியூப்லைட், ஒரு மஞ்சள் பல்பு. ஒரு விளக்கில் ஒட்டிப்பிறந்த இரட்டையர் போல இருக்கும் இரண்டு தகடு, அடுத்த விளக்கில் ஜென்ம விரோதிகளாக நிற்கும். மூன்றிலும் ஒத்துப்போகும்வரை வெளியே விடமாட்டார். மேனேஜர் அவசரப்படுத்தினால், "எந்த வெளிச்சத்துல சரியா இருக்குன்னு சொல்றீங்க சார்?" என்பார். மேனேஜர் தன் அறைக்குப் போய்விடுவார்.

நான் அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாக அவர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு எழுபத்துநாலு வயது. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போயிருந்தது. எதிரே நிற்பவரின் முகம் அவருக்கு ஒரு சாம்பல் திட்டு. காதும் தோளும் ஓரமாகத் தெரியும். மனைவி இல்லை. மகள் ஒருத்தி, கூட இருந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. அவள் போகும்போது நான் வருவேன், அவள் திரும்பும்போது கிளம்புவேன்.

ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது: பழைய கிரேக்கச் சிந்தனையாளர்கள். நூலகத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர் மாலை வகுப்பு எடுத்திருக்கிறார். இவர் இரண்டு வருடம் ஒருநாள் விடாமல் போயிருக்கிறார். கண் போன பிறகு, அங்கே எழுதிய குறிப்பு நோட்டுகளை நான் வாசிக்க வேண்டும். தண்ணீரில் பாதி மூழ்கிய துடுப்பு ஏன் வளைந்து தெரிகிறது, சதுரக் கோபுரம் தூரத்தில் ஏன் உருண்டையாகத் தெரிகிறது, உடம்பு சரியில்லாதவனுக்குத் தேன் ஏன் கசக்கிறது. எனக்குப் பாதி புரியாது. உலகத்தில் இருப்பது நுண்துகளும் வெற்றிடமும்தான், இனிப்பும் கசப்பும் நிறமும் நாமாக வைத்துக்கொண்ட வழக்கம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறாராம். அந்தப் பக்கம் வந்தால் இவருக்குக் கோபம் வரும்.

"நிறமே கிடையாதாம். அப்ப எனக்கு எதுக்குய்யா சம்பளம் குடுத்தாங்க?"

சேர்ந்த இரண்டாவது வாரம் நான் ஒரு தப்புச் செய்தேன். நடைவழியில் நேராக வந்துகொண்டிருந்தவர், சுவரோடு ஒட்டி எதையோ சுற்றிக்கொண்டு போனார். அங்கே ஒன்றும் இல்லை. இன்னொரு நாள் காலியான நாற்காலியில் உட்காராமல் வேறு நாற்காலி கேட்டார். தினக்குறிப்பு நோட்டில் "புத்தி தடுமாற்றம் ஆரம்பம்" என்று எழுதிவிட்டேன். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்பது எங்களுக்குப் பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. அவசரத்தில் மறந்தேன்.

மகள் அதைப் படித்தாள். முதியோர் பராமரிப்பு விடுதி ஒன்றில் பேசினாள். இரண்டாவது மாடி, மறதி நோய்க்காரர்களுக்கான பகுதி, கதவு வெளியே பூட்டியிருக்கும். அடுத்த வியாழக்கிழமை விடுதி மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார், சரி என்றால் அந்த வாரமே இடம். அவருக்கு அந்த வீட்டைவிட்டுப் போக மனமில்லை. அங்கே எத்தனை அடியில் எது இருக்கிறது என்று கால் மனப்பாடமாக வைத்திருந்தது.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், கதவைச் சாத்துங்க. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு எழுதினீங்களாமே."

"எழுதினேன் சார். நடையில எதையோ சுத்திக்கிட்டுப் போனீங்க."

"குதிரை நின்னுச்சு."

அவரே தொடர்ந்தார்.

"நாலு மாசமா வர்றாங்க. முழங்கால் உயரத்துக்குத் தொப்பி போட்ட ஆளுங்க. ஒரு குதிரை. சுவர் முழுக்கக் கட்டம் கட்டமா பூவேலை. சொந்தக்காரங்க மாதிரி, வந்து உக்காந்துட்டு ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

"அதெல்லாம் பொய்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"சந்தேகம்தான். ஆனா நிஜமா இருந்து மோதித் தொலைச்சா? அதான் சுத்திப் போனேன்."

இதில் பைத்தியக்காரத்தனம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பயம் இருந்தது. நாலு மாதம் தனியாகச் சுமந்திருக்கிறார். மகளிடம் சொன்னால் பூட்டிவிடுவாள் என்று சொல்லவில்லை. சொல்லாததாலேயே பூட்டப் போகிறாள்.

அன்றைக்கே தன் பழைய வேலையை ஆரம்பித்தார். மேசை விளக்கில் மஞ்சள் பல்பு மாட்டச் சொன்னார். ஜன்னல் திரையை விலக்கினால் பகல், கூரையில் டியூப்லைட். அலமாரிமேல் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். நான் திரையை மூடுவேன், விளக்கை மாற்றுவேன். அவர் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்ப்பார். பிறகு என் துண்டைக் காட்டச் சொல்லிப் பார்ப்பார். இரண்டு நாள் இதே வேலை. என் கை வலித்தது.

மூன்றாம் நாள் முடிவு சொன்னார்.

"எது மாறாம இருக்கோ அதுதான் நிஜம், மாறுறதெல்லாம் நிழல்னு ஒரு கிரேக்கக்காரர் சொன்னார். என் வீட்டுல அது தலைகீழ் சிஸ்டர். உங்க துண்டு ஜன்னல்கிட்ட பச்சை, பல்புல பழுப்பு. அந்தக் கோட்டு மூணுலயும் ஒரே சிவப்பு. மூணு லைட்டுலயும் அசையாம ஒரே மாதிரி நின்ன சாமானை நான் என் சர்வீஸ்ல பாத்ததே இல்ல. அது பொய்தான்."

என் பக்கம் தலையைச் சாய்த்தார். "இன்னொண்ணு. உங்க முகம் எனக்குத் தெரியலை. அவன் கோட்டுல பொத்தான்கூட எண்ணிடலாம். இந்தக் கண்ணுல அவ்வளவு தெளிவு வர வழியே இல்ல."

நான் நோட்டை எடுத்தேன். பக்கத்தைக் கிழிக்கக்கூடாது, ஒற்றைக்கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிச் செய்து, பார்த்ததை மட்டும் எழுதினேன். மகள் மாலையில் படித்துவிட்டு வந்தாள்.

"நீங்கதான் எழுதினீங்க. இப்ப நீங்களே அடிக்கிறீங்க. எதை நான் நம்புறது?"

"அடிச்சதுக்குக் கீழ இருக்கிறதை."

"நான் வேலையில இருக்கேன் சிஸ்டர். நீங்க குளியலறையில இருக்கிற நேரம் பாத்து, குதிரை போகுதுன்னு அவர் ரோட்டுல இறங்கிட்டா?"

அது நியாயமான பயம்தான். வியாழக்கிழமையை அவள் ரத்து செய்யவில்லை.

மேற்பார்வையாளர் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. கூட ஒரு அட்டெண்டர் வந்தார், நடுத்தர வயது, வாய் திறக்காத மனிதர். ஃபைலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். என்ன தேதி, என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். ஆனால் தலை மட்டும் சுவர்ப்பக்கமே சாய்ந்திருந்தது.

"என்ன பாக்குறீங்க ஐயா?"

"உங்ககூட யாராவது வந்திருக்காங்களா, இல்ல அவர் என் ஆளா?"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மேற்பார்வையாளர் பேனாவை எடுத்தார்.

"பதில் சொல்லாதீங்கம்மா, நானே பாத்துக்கிறேன். தம்பி, கொஞ்சம் விளக்குப் பக்கம் வர்றீங்களா? சிஸ்டர், டியூபை அணைச்சுட்டுப் பல்பைப் போடுங்க. ம். மறுபடி மாத்துங்க." இரண்டு தடவை பார்த்தார். "நீலச் சட்டை பல்புல கறுத்துப்போச்சு. நிஜம்தான். மன்னிச்சுக்குங்க தம்பி, உக்காருங்க. ஜன்னல்கிட்ட இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, அவங்க பொய். அவங்களைச் சேத்துக்க வேண்டாம்."

அட்டெண்டர் தன் சட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அந்த ரெண்டு பேரும் உங்ககிட்ட ஏதாவது பேசுறாங்களா? அதைச் செய், இதைச் செய்னு?"

"இல்லம்மா. அந்த மட்டும் மரியாதை தெரிஞ்சவங்க."

மேற்பார்வையாளர் என் நோட்டை வாங்கி, அடித்த வரியையும் கீழே இருந்ததையும் படித்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"இல்லாததை இருக்குன்னு நம்புறவங்களுக்குத்தான் எங்க ரெண்டாவது மாடி. உங்கப்பா இருக்கிறவங்களையே நம்ப மாட்டேங்கிறார். கண் டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. மறுநாள் போனோம். கண் குறைவாக அனுப்பினால் மூளை தன் பங்குக்கு வரைந்துகொள்ளும், புத்திக்கு ஒன்றும் இல்லை, பலருக்கு வருகிறது, பயந்துகொண்டு யாரும் சொல்வதில்லை என்றார் டாக்டர். இவர் தன் விளக்குக் கணக்கைச் சொன்னார். டாக்டர் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

மகள் அப்பாவுக்கு ஏற்கெனவே பெட்டி கட்டியிருந்தாள். திரும்பி வந்ததும் அவசர அவசரமாகப் பிரித்து, துணிகளைக் கைக்கு வந்த தட்டில் அடுக்கிவிட்டாள். மறுநாள் காலை அவர் அலமாரிக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டு கத்தினார்.

"என் சட்டை எல்லாம் எங்க வச்சுத் தொலைச்சே?"

"மேல்தட்டுலப்பா. இல்லாத ஆள் பொத்தானை எண்ணுவீங்க, இருக்கிற சட்டை தெரியாதா?"

அந்த ஆட்களைப் பற்றி அவள் அப்பாவிடம் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. அவர் மேல்தட்டில் கைவைத்தார். ஒவ்வொரு சட்டையாக எடுத்து, பழைய இடத்தில் அடுக்க ஆரம்பித்தார். அவள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே நின்று எடுத்துக்கொடுத்தாள்.