ஆறு அலசல் பலகை

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இருந்தும் மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் என் சலவைக்கூடத்துக்குத்தான் வருகின்றன. வாசலில் ஆள் உயரப் பலகை: ‘ஆறு அலசல்’. மற்றவன் மூன்று அலசலில் பிழிந்து போடுவான், நான் ஆறு. ஒற்றைத் தொட்டியோடு தொடங்கியவன் எட்டு இயந்திரங்களுக்கு முதலாளியானது அந்தப் பேரில்தான். உள்ளதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

ஆனால் இப்போது எழுதுவது என் மச்சினியைப் பற்றி. மனைவியின் தங்கை, கொதிகலன் அவள் பொறுப்பு. இருபது வருஷமாக, காலையில் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீர் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வாள். ஆட்கள் வைத்த பட்டப்பெயர் ‘மீட்டரம்மா’. நானும் சேர்ந்து சிரித்தவன்தான்.

போன கோடைக்கு முன் புதுச் சட்டம் வந்தது. ஒரு கிலோ துணிக்குப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர். மிஞ்சினால் உரிமம் கிடையாது. மூன்று மாதம் கெடு.

“நாம எவ்வளவு?” என்றேன்.

“இருபத்தி நாலு, மாமா.” நோட்டைத் திறக்காமலே சொன்னாள்.

என்னை நம்பி முப்பத்தொரு பேர்.

“ரெண்டு அலசலை விட்டுடுங்க. மிச்ச நாலுல கடைசி ரெண்டு அலசல் தண்ணியத் தொட்டியில பிடிச்சு, அடுத்த லோடுக்கு சோப்பு போடவும் முதல் அலசலுக்கும் விடலாம். வெதுவெதுன்னு இருக்கும், கொதிகலனும் இந்தப் பாடு படாது.”

“நோயாளி படுக்கிற துணி! சோப்பு துளி தங்கினாலும் என் விரல் சொல்லிடும்.”

“அப்ப விரலையே கேட்டுடுவோம்.”

மறுநாள் மதியம் எல்லாரையும் கூப்பிட்டு, மேசைமேல் மூன்று ஜோடி ஈர விரிப்புகளை வைத்தாள்.

“ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு ஆறு அலசல், இன்னொண்ணு நாலு. ஆறு அலசினதோட மூலையில சிவப்பு நூல் கட்டி உள்ள மடிச்சிருக்கேன். மூணையும் சரியாச் சொல்லிட்டா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

கையை மடித்துவிட்டுக்கொண்டேன். தேய்த்தேன், மோந்தேன், நாக்கில்கூட வைத்துப் பார்த்தேன். “இது, இது, இது” என்றேன்.

முதல் துணியைப் பிரித்தாள். சிவப்பு நூல். மீசையைத் தடவினேன். இரண்டாவதில் நூல் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. இஸ்திரி போடுகிறவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“ஒண்ணு சரியாச் சொன்னீங்களே, மாமா.”

“கிண்டலா?”

“சேச்சே. கண்ணை மூடிக்கிட்டுக் கல்லெறிஞ்சாலும் ஒண்ணு விழத்தானே செய்யும்?”

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அதைக் கவனிக்க அவளுக்கு நேரமும் இல்லை. குழாய்க்காரரோடு குந்தி உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தாள். புதுக் குழாய் போட்ட முதல் வாரமே யாரோ வால்வை மாற்றித் திருப்பி, அழுக்குத் தண்ணீர் தொட்டிக்குள் போய், ஒரு லோடு முழுக்கச் சாம்பல் நிறத்தில் வந்தது.

“பார்த்தியா?” என்றேன்.

“பார்த்தேன். கோளாறு குழாயில இல்ல, திருப்புற கையில.” அத்தனையையும் தானே திரும்பத் துவைத்தாள். சாக்கடை வால்வுக்குச் சிவப்பு, தொட்டி வால்வுக்கு நீலம் என்று வர்ணம் அடித்தாள். அதன்பின் ஒருவரும் தவறவில்லை. ஆஸ்பத்திரிக்கு விரிப்புகளைச் சோதனைக்கும் அனுப்பினாள். குறை ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது.

கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்து நின்றாள். “தொட்டிக்கு மூடி வேணும், மாமா. பஞ்சுத் தூசி விழுது.”

ஏணியைப் போட்டேன். வாசல் பலகையை என் கையாலேயே கழற்றி இறக்கினேன்.

“இதையா?” பதறிவிட்டாள்.

“தேக்கு. நான் பார்த்து வாங்கினது. ஆவி பட்டாலும் வளையாது.”

அதிகாரி வந்தார். அன்று முழுக்க எடை போட்டு, மீட்டர் பார்த்தார். பதினொன்று. தொட்டியைக் காட்டச் சொன்னார். மூடியைத் தூக்கும்போது எழுத்தைப் படித்துவிட்டு, “ஆறு அலசலா?” என்று புருவத்தை உயர்த்தினார்.

“நாலுதான் சார். சோதிச்சுப் பார்த்தது நானு” என்றேன்.

மச்சினி கொதிகலன் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தத் தடவை குலுங்கியது அவள் தோள்.

உரிமத்தைக் கண்ணாடி போட்டு, பலகை தொங்கிய அதே ஆணியில் மாட்டியிருக்கிறோம். ஆணி நான் அடித்தது.