நீலத் திட்டில் வெள்ளைக் கோடுகள்

நம்பாவிட்டால் போங்கள். யாரையும் நம்பவைக்கிற தெம்பு எனக்கு இல்லை. நடந்தது நடந்ததுதான். இதனால் வேலையே போனவன் நான்.

அமெரிக்காவில், சுப்பீரியர் ஏரிக்கரைப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஐஸ் ஹாக்கி அரங்கில் பதினெட்டு வருஷம் ஐஸைப் பார்த்துக்கொண்டேன். ஐஸ் சீவுகிற வண்டியை ஓட்டி மேல்பரப்பைச் சீவ வேண்டும், வெந்நீர் விட்டு வழவழப்பாக்க வேண்டும். ஆண்கள் அணிக்குச் சாயங்காலம் பயிற்சி. பெண்கள் அணிக்கு மட்டும் காலை ஆறு மணியாம். என்ன நியாயமோ! அவர்களோடு சேர்ந்து என் தூக்கமும் போச்சு.

மார்ச் 9. காலை 5.12. சீவி முடித்து வண்டியை அணைத்தேன்.

சர்ரக்... சர்ரக்...

கோல்கீப்பர்கள் இறங்கியதும் வலைக்கு முன்னால் உள்ள நீலத் திட்டை இடமும் வலமும் காலால் சுரண்டுவார்கள். புது ஐஸ் வழுக்கும், அதனால். அந்தச் சத்தமேதான். ஆனால் அரங்கில் ஒரு ஈ காக்கை இல்லை. போய்ப் பார்த்தேன். நீலத்தில் ஏழு வெள்ளைக் கோடுகள்.

ஆறு மணிக்கு வந்த கோல்கீப்பர் பிரிட்டாவிடம் கத்தினேன்.

"திருட்டுத்தனமா முன்னாடியே வந்து சுரண்டுனியா?"

"நானா? இப்பத்தான் பல்லே விளக்கினேன் பெருசு. உங்க வண்டிக்குக் கண்ணாடி வாங்கி மாட்டுங்க."

மறுநாள் பதினைந்து கோடுகள். அதற்கடுத்த நாள் எண்ண முடியவில்லை. மேலாளர் கெர்மிட் வந்து நின்றார்.

"யோவ் வெய்னோ, கோச்சம்மா ரெண்டு தடவை புகார் குடுத்தாச்சு. இன்னொண்ணு வந்தா நீ வீட்டுக்குத்தான். கோடு போற வரைக்கும் சீவு."

சீவினேன். இரண்டு நடை, நான்கு நடை, ஆறு நடை. கோடு போகவில்லை. பதினெட்டு வருஷத்தில் என் ஐஸை ஒருவர் குறை சொன்னதில்லை.

மார்ச் 14. காலை 5.31. மண்டியிட்டு, கையுறையைக் கழற்றித் தடவினேன்.

வழவழப்பு. நகம்கூட எங்கும் தட்டவில்லை.

கோடுகள் மேலே இல்லை... உள்ளே.

சர்ரக்...

என் உள்ளங்கைக்கு அடியில்.

கண்ணெதிரே... ஒரு புதுக் கோடு... நீண்டது.

ஓடினேன்.

ஆறு மணிக்குப் பிரிட்டா களத்தில் இறங்கினாள். வலைக்கு முன்னால் போய் மறித்து நின்றேன்.

"இங்க நிக்காதம்மா."

"பின்ன கோல்கீப்பர் எங்க நிக்கிறது? டீக்கடையிலயா?"

பயிற்சி நின்றது. மூன்றாவது புகார். 6.40க்கு வேலை போயிற்று. பிரிட்டா அதே இடத்தில் நின்று ஒரு மணி நேரம் ஆடினாள். மறுநாள் இரண்டு அணிகளுமே தோற்றன. சீசன் முடிந்தது.

மார்ச் 16. ஐஸைப் பெயர்த்தெடுக்கிற நாள். கெர்மிட் போன் செய்தார். குரல் சரியில்லை.

"வெய்னோ... கொஞ்சம் வாய்யா."

நீலத் திட்டிலிருந்து பெயர்த்த பாளத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார். கோடுகள் எல்லாம் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தோண்டப்பட்டிருந்தன. கீழே இருந்த கான்கிரீட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

அளந்து பார்த்தோம். ஒன்றேகால் அங்குலம் இருக்க வேண்டிய ஐஸ். பிரிட்டா நின்ற இடத்தில் மிச்சம் இருந்தது நகக்கனம்.

கீழிருந்து அது சுரண்டியது பாதிதான்.

மீதியை மேலிருந்து சீவிக் கொடுத்தவன் நான்.